ஒரு முடி கூட இல்லாத நாற்காலி

சுங்கைப் பட்டாணியிலிருந்து என் பள்ளிச் சிநேகிதி போன மாதம் எழுதியிருந்தாள். அவள் அப்பாவுக்கும் வேலை அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்கவில்லையாம். கல்கத்தாவில் சித்தப்பா இருக்கிறார், அங்கேயே போய்விடுவது என்று முடிவு செய்திருக்கிறார்களாம். வீட்டுச் சாமான்களைக் கப்பலில் போடலாமா, விற்றுவிட்டு வரலாமா என்பதுதான் அவள் கேள்வி. 'விற்றுவிடு' என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டிருக்கலாம். அந்த வார்த்தையை எங்களுக்கும் சிலர் சொன்னார்கள். நாங்கள் கேட்கவில்லை. அதனால் அவளுக்கும், அவளைப் போல இப்போது மூட்டை கட்டிக்கொண்டிருக்கிற மற்றவர்களுக்கும் எங்கள் பயணத்தை முதலிலிருந்து எழுதுகிறேன். பார்க்க வேண்டிய இடங்கள் எதுவும் இதில் இல்லை. விக்டோரியா நினைவு மண்டபத்தை நான் ட்ராம் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன்.

என் அப்பா முடி திருத்துபவர். பதினேழு வயதில் மலாயாவுக்குப் போனவர். சுங்கைப் பட்டாணி கடைத்தெருவில் இருபது வருடம் சொந்த சலூன் வைத்திருந்தார். குடியுரிமை இல்லாதவர்கள் அனுமதிச் சீட்டு வாங்கித்தான் வேலை செய்யலாம் என்று சட்டம் வந்தது. அப்பா குடியுரிமைக்கு மனுப் போட்டதே இல்லை. "தலை இருக்கிற ஊரெல்லாம் நம்ம ஊருதான்" என்பார். தலைகள் அங்கேயே இருந்தன. கத்தரிக்கோலைத் தொடத்தான் உரிமை போய்விட்டது. அங்கேயே பிறந்த எனக்கும் காகிதம் கிடையாது. எனக்கும் சேர்த்துத்தான் அவர் மனுப் போடாமல் இருந்தார். அம்மா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. போன வருடம் மே மாதம் கிளம்பினோம்.

தமிழ்நாட்டுக்குப் போகாமல் ஏன் கல்கத்தா என்று கேட்பீர்கள். ஊரில் அப்பாவுக்கு நிலமில்லை, வீடில்லை. அங்கே போனால் மறுபடி பெரிய வீடுகளின் கொல்லைப்புறத்தில் நின்று கூலியாக நெல் வாங்க வேண்டும். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் அதற்குப் பயந்துதான் கப்பல் ஏறினார். கல்கத்தாவில் அம்மாவின் தம்பி, என் மாமா, பாலிகஞ்சில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். கடையை ஒட்டி, அதே கட்டடத்தில் பத்துக்கு எட்டு அடியில் ஓர் அறை காலியாக இருந்தது. மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற கல்லூரிப் பேராசிரியர். நடைபாதை நாவிதனுக்கு அறை தர மாட்டேன் என்று முதலில் சொல்லிவிட்டார். மாமாதான் பேசினார்: "வெளிநாட்டு நாற்காலியோட வராரு, பினாங்குல வாங்கினது." வெளிநாட்டு நாற்காலி என்றதும் பேராசிரியர் இறங்கி வந்தார். துர்கா பூஜைக்கு முன்னால் கடை திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கெடு வைத்தார். ஆக, அந்த நாற்காலி வந்தால் அப்பாவுக்கு அறை. வராவிட்டால் நடைபாதை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அந்த நாற்காலியை ஒரு சீனக் கிழவரிடம் நானூறு வெள்ளிக்கு, இன்றைய கணக்கில் சுமார் ஆயிரம் ரூபாய்க்கு, அப்பா வாங்கியிருந்தார். வாங்கியபோதே அது பழசு. அடியில் வட்டமான இரும்புப் பீடம், மிதித்தால் நாற்காலியை உயர்த்தும் கால்கட்டை, சாய்த்துக்கொள்ள முதுகு, கைப்பிடியில் வெள்ளைப் பீங்கான். இருக்கை கறுப்புத் தோல். ஓரங்களில் வெடித்து நார் தெரியும். இந்தியாவுக்குப் போகப்போகிறது என்றதும் அப்பா அதைக் கடை நடுவில் போட்டு ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினார். கறுப்புத் தோலை எடுத்துவிட்டுச் சிவப்பு ரெக்ஸின் தைக்கக் கொடுத்தார். கால்கட்டைக்கு நிக்கல் பூசச் சொன்னார். இடுக்குகளைத் தீக்குச்சியில் பஞ்சு சுற்றி மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார். "அந்நியர் ஊருக்குப் போறோம். நம்மளைப் பார்க்கிறதுக்கு முன்னாடி சாமானைத்தான் பாப்பாங்க" என்றார். பாத்திரங்களை என் பொறுப்பில் விட்டார். நான் சோம்பேறி. அடிகரி பிடித்த வாணலியை அப்படியே துணியில் சுற்றிப் பெட்டியில் போட்டேன்.

பினாங்கிலிருந்து சென்னைக்குக் கப்பலில் ஏழு நாள். கப்பலின் திறந்த மேல்தளத்தில் படுத்து வருகிற டிக்கெட் ஆளுக்கு நூற்று நாற்பது வெள்ளி. பெரிய பெட்டிகள் இரண்டையும் பினாங்கு ஏஜென்ட் சொன்னபடி வேறொரு சரக்குக் கப்பலில் நேராகக் கல்கத்தாவுக்கு அனுப்பினோம். சென்னையிலிருந்து ஹவுராவுக்கு ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். மெயிலில் இரண்டு இரவும் ஒரு பகலும். ஹவுராவில் இறங்கியதும் அப்பா முதலில் பார்த்தது பாலத்தை அல்ல. நிலையத்துக்கு வெளியே ஒரு பிகாரி நாவிதர் செங்கல் மேல் ஆளை உட்கார வைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தார். அப்பா மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நின்று பார்த்தார். "கை சுத்தம், கத்தி சுத்தமில்லை" என்று சொல்லிவிட்டு நடந்தார். பாலிகஞ்சுக்கு டாக்ஸிக்காரன் எட்டு ரூபாய் கேட்டான், ஆறுக்கு வந்தான்.

மாமா வீட்டில் எங்களை வாசலில் நின்று கூப்பிட்டது அத்தை சரோஜாதான். கடையை நடத்துவதும் அவள்தான். அரிசி எடை போட்டபடியே மீன்காரனோடு வங்காளியில் சண்டை போடுவாள். மாமாவுக்கு எங்கள் வரவில் ஒரு சங்கடம் இருந்தது. நாங்கள் என்ன சாதி என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. மாமா பதினெட்டு வருடமாக வாயைத் திறக்கவில்லை. கடைக்கு வருகிற தமிழ் மாமிகள் அவரை என்னவோ பெரிய குடும்பம் என்று நினைத்திருந்தார்கள். பக்கத்து அறையில் மைத்துனன் சலூன் வைத்தால் குட்டு உடைந்துவிடும். முதல் நாள் இரவுச் சாப்பாட்டிலேயே, "மச்சான், கொஞ்ச நாள் நம்ம கடையிலயே பொட்டலம் கட்டிக்கிட்டு இருக்கலாமே" என்று ஆரம்பித்தார்.

அத்தை விடவில்லை. "உங்க பெருங்காயத்துல அவரு கத்தரிக்கோல் வாசனை ஒட்டிக்கிடுமாக்கும்? சும்மா சாப்பிடுங்க."

பெட்டிகள் ஜூன் கடைசியில் வந்து சேர்ந்தன. கிதர்பூர் கப்பல் துறைக்குப் போக பாலிகஞ்சிலிருந்து எஸ்ப்ளனேடுக்கு ஒரு ட்ராம், அங்கிருந்து கிதர்பூருக்கு இன்னொன்று. இரண்டாம் வகுப்பில் ஒவ்வொன்றும் பன்னிரண்டு பைசா. இரண்டரை மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்வலம் இருந்தால் நாள் முழுக்க. சுங்க அலுவலகம் வேறு இடத்தில், ஆற்றோரம். அங்கே கையெழுத்து, இங்கே சாமான். இரண்டுக்கும் நடுவில் நீங்கள். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்து போய் நின்றால், ஜன்னலுக்குப் பின்னாலிருந்து "கால் ஆஷுன்" என்பார்கள். நாளை வாருங்கள் என்று அர்த்தம். நான் கற்றுக்கொண்ட முதல் வங்காளி அதுதான்.

தனியாக முடியாது என்று தாஸ் பாபு என்ற க்ளியரிங் ஏஜென்ட்டைப் பிடித்தோம். வெற்றிலை மென்றபடி இங்கிலீஷும் இந்தியும் கலந்து பேசுவார். கெட்டவர் இல்லை. விதியை அவர்தான் விளக்கினார்: குடிபெயர்ந்து வருகிறவர்கள் ஒரு வருடமாவது வெளிநாட்டில் உபயோகித்த பழைய சாமானுக்கும் தொழில் கருவிக்கும் வரி இல்லை. புதுச் சாமானுக்கு உண்டு. அப்பா நிம்மதியாகச் சிரித்தார். இருபது வருடம் உபயோகித்தது அல்லவா.

பரிசோதனை நாளில் ஷெட்டுக்குள் பெட்டிகளை உடைத்தார்கள். பாத்திரப் பெட்டி முதலில். அதிகாரி என் வாணலியை எடுத்தார், அடிகரி விரலில் ஒட்டியது, முகத்தைச் சுளித்து "பழசு" என்றார். பெட்டி தப்பித்தது. அடுத்தது நாற்காலி. ஃபிளானல் துணியை விலக்கியதும் கூலிகள் கூட "ஓ" என்றார்கள். அந்த அழுக்கு ஷெட்டில் அது மாப்பிள்ளை போல நின்றது. அதிகாரி சுற்றி வந்தார். மிதித்துப் பார்த்தார். இருக்கைக்கும் முதுகுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் பென்சிலை விட்டுக் கிளறி, வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"ரொம்பச் சுத்தமா இருக்கே. யார் துடைச்சது?" என்று என்னிடம் இங்கிலீஷில் கேட்டார்.

நான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஐந்து வாரமாக எந்த அலுவலகத்திலும் யாரும் அவரிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. "நான்தான் சார். தேடிப் பாருங்க, ஒரு முடி கூட இருக்காது. சொல்லும்மா, ஒரு முடி கூட இருக்காதுன்னு சொல்லு."

சொன்னேன்.

"இருபது வருஷம் முடி வெட்டின நாற்காலியில ஒரு முடி கூட இல்லை" என்றார் அதிகாரி, யாரிடமும் என்றில்லாமல். பிறகு எழுதினார்: புதியது. இரண்டாயிரத்து நானூறு ரூபாய் வரி.

நான் கத்தினேன். "பெண்ணே, நீ பேசாதே, உங்கப்பா பேசட்டும்" என்றார். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். சுங்கைப் பட்டாணி கடையின் புகைப்படத்தைக் காட்டினேன். அதே நாற்காலி, பக்கத்தில் அப்பா. அதிகாரி படத்தையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுல இருக்கிறது கறுப்பு, கிழிஞ்சது. இது சிவப்பு. அந்தப் பழைய நாற்காலியைக் கொண்டு வந்திருந்தா விட்டிருப்பேன்." வாங்கிய ரசீது கேட்டார். சீனக் கிழவர் செத்து எத்தனையோ காலமாகிவிட்டது. ரெக்ஸின் மாற்றிய கடையின் ரசீது இருந்தது. அதில் தேதி புதியது. அது எங்களுக்கே எதிராகப் போயிற்று.

அதே நாள், அதே ஷெட்டில், லண்டனிலிருந்து திரும்பிய ஒரு டாக்டரின் ஒன்பது பெட்டிகள் திறக்கப்படாமலே வெளியே போயின. உள்ளே குளிர்சாதனப் பெட்டியும், ரேடியோவும் இசைத்தட்டும் சேர்ந்த ரேடியோகிராமும் இருப்பது பெட்டிமேலேயே எழுதியிருந்தது. யாரோ தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். பழசு என்பதும் புதுசு என்பதும் சாமானைப் பொறுத்தது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆளைப் பொறுத்தது. பேராசிரியருக்கு நாற்காலி இல்லாத நாவிதன் வேண்டாம். அதிகாரிக்கு இவ்வளவு நல்ல நாற்காலி வைத்திருக்கிற நாவிதன் நம்பும்படி இல்லை.

மறுபரிசீலனைக்கு மனுப் போட்டோம். ஜூலை போயிற்று. ஆகஸ்டில் துறைமுகத்தில் வேலைநிறுத்தம். கிடங்கு வாடகை ஏறிக்கொண்டே இருந்தது. வேலை நிறுத்தம் செய்தது அவர்கள், வாடகை எங்களுக்கு. வாரத்துக்கு இரண்டு முறையாவது போனேன். பல தடவை அத்தை கடையைப் பூட்டிவிட்டு என்னோடு வந்தாள். ஒரு தடவை ஜன்னல்காரர் "கால் ஆஷுன், மாஷிமா" என்று சித்தி முறை வைத்துச் சொன்னதும் அத்தை, "உங்க வீட்ல சோறும் நாளைக்குத்தானா?" என்று வங்காளியில் கேட்டாள். வரிசை முழுக்கச் சிரித்தது. ஜன்னல்காரரும் சிரித்தார். சிரித்துவிட்டு ஜன்னலை மூடினார்.

செப்டம்பரில் மறுபரிசோதனைக்கு நாள் கொடுத்தார்கள். அப்பா தன் சவரப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. காலை பத்தரைக்கு வரச் சொன்ன அதிகாரி ஒரு மணி வரை வரவில்லை. ஷெட்டில் கூலிகள் எங்களுக்குப் பழகியிருந்தார்கள். அவர்களின் தலைவரான சர்தார், நரைத்த தலையும் பெரிய மீசையும் உள்ள பிகார்க்காரர், தாஸ் பாபுவிடம் எங்கள் வழக்கு என்ன என்று விசாரித்தார். கேட்டுவிட்டுத் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"முடிதானே வேணும்? என் தலையில எவ்வளவு வேணும்னாலும் இருக்கு, எடுத்துக்கோ!" என்று நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"இறங்குங்க பாய், சீல் வெச்ச சாமான்" என்று தாஸ் பாபு பதறினார்.

அப்பா பையைத் திறந்தார். நாலு மாதத்துக்குப் பிறகு கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். வெள்ளைத் துணியை உதறி சர்தாரின் கழுத்தில் கட்டினார். கால்கட்டையை மிதித்து உயர்த்தினார். நாற்காலி சத்தமில்லாமல் எழுந்தது. சர்தார் பீங்கான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் ஷெட்டில் கத்தரிக்கோல் சத்தம் மட்டும்தான். நரைமுடி சிவப்பு ரெக்ஸின் மேல் விழுந்தது. "ஏ ராஜா சாஹேப்!" என்று ஒருவன் கேலி செய்தான். "அடுத்தது நான்" என்று இன்னொருவன் தன் தலையைத் தடவினான். எனக்கும் சிரிப்பு வந்தது. இந்த ஊருக்கு வந்த பிறகு அப்பா அப்பாவாக இருந்தது அந்தக் கால் மணி நேரம்தான்.

அதிகாரி வந்தார். கூலிகள் ஒதுங்கினார்கள். சர்தார் பாதி வெட்டிய தலையோடு எழுந்து நின்றார்.

அப்பா நாற்காலியைக் காட்டி, தனக்குத் தெரிந்த ஒரே இந்தி வார்த்தையைச் சொன்னார்: "புரானா." பழசு.

அதிகாரிக்குக் கோபம் கூட வரவில்லை. சலிப்புதான். "இது இந்தியாவில் உபயோகித்தது. விதி, வெளிநாட்டில் உபயோகித்ததைக் கேட்கிறது" என்றார். சுங்கக் காவலில் இருக்கும் பொருளைத் தொட்டதற்கு விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். அவர் போன பிறகு அப்பா சர்தாரை மறுபடி உட்கார வைத்து மீதித் தலையை முடித்தார். பிறகு கைத்துண்டால் ரெக்ஸினைத் துடைத்தார். இடுக்கில் பஞ்சு விட்டு, விழுந்த முடியையெல்லாம் எடுத்தார். "விடுங்கப்பா, இப்பவாவது இருக்கட்டும்" என்றேன். காதில் வாங்கவில்லை.

மனு தள்ளுபடியானது. வரியும் கிடங்கு வாடகையும் சேர்ந்து நாற்காலியின் விலையைப் போல மூன்று மடங்காகிவிட்டது. மாமா கொஞ்சம் தருவதாகச் சொன்னார். எவ்வளவு மனப்பூர்வமாகச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். பூஜைக்குப் பத்து நாள் முன்பு, தெருவில் மூங்கில் பந்தல் எழும்பிக்கொண்டிருந்தபோது, பேராசிரியர் அறையை ஒரு ஹோமியோபதி மருந்துக் கடைக்குக் கொடுத்துவிட்டார். அவர்மேல் கோபப்பட எனக்கு அப்போது தெம்பில்லை. இப்போது இருக்கிறது. நாற்காலி இந்த மார்ச் மாதம் சுங்கத்தாரின் ஏலத்தில் போயிற்று. யார் எடுத்தது என்று தெரியாது. எந்தத் தெருவில் நடந்தாலும் சலூன் கண்ணாடிக்குள் எட்டிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. சிவப்பு நாற்காலிகள் இந்த ஊரில் நிறைய இருக்கின்றன.

அப்பா இப்போது பாலிகஞ்ச் ரயில் நிலையத்துக்கு வெளியே நடைபாதையில் உட்காருகிறார். இரண்டு செங்கல், ஒன்று அவருக்கு, ஒன்று வருகிறவருக்கு. சவரம் நாற்பது பைசா. மாமா அந்தப் பக்கம் போவதில்லை. அத்தை தினமும் மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு போய், எல்லார் கண்ணிலும் படும்படி அவர் பக்கத்திலேயே நின்று பேசிவிட்டு வருகிறாள். நான் ஜாதவ்பூரில் ஒரு தட்டச்சுப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். அங்கே தமிழ் பேச ஆளில்லை.

இனி, வரப்போகிறவர்களுக்கு. கனமான எதையும் கொண்டு வராதீர்கள். கொண்டு வந்தே தீர வேண்டுமென்றால், சாமானும் நீங்களும் ஒரே கப்பலில், ஒரே துறைமுகத்துக்கு வாருங்கள். பொருளை வாங்கிய ரசீது இருந்தால் உயிரைப் போலக் காப்பாற்றுங்கள். பழுது பார்த்த ரசீதைக் கிழித்துப் போடுங்கள். கிடங்கில் இலவசமாக வைத்திருக்கும் நாட்கள் சொற்பம். அது முடிவதற்குள் நல்ல ஏஜென்ட்டைப் பிடியுங்கள். பூஜை மாதத்தில் எந்த வேலையும் நடக்காது, மழை மாதங்களில் பாதி நடக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எதையும் கழுவாதீர்கள். மெருகு போடாதீர்கள், புதுத்துணி தைக்காதீர்கள். வாணலியில் கரி இருக்கட்டும். மெத்தையில் கறை இருக்கட்டும். நாற்காலி இடுக்கில் முடி இருக்கட்டும். நீங்கள் அங்கே வாழ்ந்தீர்கள் என்பதற்கு இந்த நாட்டில் வேறு எந்தச் சாட்சியும் செல்லாது.

நேற்று மாலை இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வேலை முடித்து, வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசிப் பகுதி வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அதை மட்டும் அடிச்சிரு."

"ஏம்ப்பா?"

"அழுக்குச் சாமானோட வந்து இறங்கினா, நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

நான் அடிக்கவில்லை. அவர் துண்டை நனைத்துப் பிழிந்து, வருகிறவர் உட்காரும் செங்கல்லை நாலு பக்கமும் திருப்பித் திருப்பித் துடைத்துக்கொண்டிருந்தார்.